மூன்றாவது மைக்

களியக்காவிளைச் சந்தைக்குப் பின்னால்
மீன்வண்டி கழுவிய தண்ணீர் ஓடும் சந்தில்
தகரக் கூரைபோட்ட ஆராதனைக் கூடம்.
மேற்குச் சுவருக்கு அப்பால் கேரளம்.
சட்டைப்பையில் கிடக்கும் செல்போன்
ஒரு ஜெபத்துக்குள் இரண்டு தடவை
மாநிலம் மாறும்.

மைக் மூன்று.
முதலாவது, அக்ராவிலிருந்து வந்த போதகருக்கு.
இரண்டாவது, அவர் இங்கிலீஷை மலையாளமாக்கும்
நெய்யாற்றின்கரை பாஸ்டருக்கு.
மூன்றாவது எனக்கு, மலையாளத்திலிருந்து தமிழ்.
கூலி எண்ணூறு ரூபாய், புரோட்டா பொட்டலம் தனி.
விசுவாசியா என்று யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் எந்த மொழியில் சொல்லியிருப்பேனோ.

கிருபை வந்தது, கிருபை என்றேன்.
பரிசுத்தாத்மாவு வந்தது,
பரிசுத்த ஆவியானவர் என்று
மரியாதை விகுதி சேர்த்து இறக்கினேன்.
தீ என்றார் நெய்யாற்றின்கரை.
தீக்கு இந்தப் பக்கமும் தீதான்.
சும்மா நின்றேன்.

நாலாம் வரிசையில் சுவர்ணபாய்.
பொன் இனி பெயரில் மட்டும்.
ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள் கழற்றிய தாலியும் கம்மலும்
மகனின் பாலிடெக்னிக் ஃபீஸாகிப்போயின.
காதுத் துளை தூர்ந்துவிட்டது.
தோடு என்றால் அவளுக்கு இப்போது
அண்டியாபீஸில் உடைக்கும் தோடுதான்.
அதன் பால் பட்டுப் பத்து விரலும்
கரிக்கட்டையாய் இருக்கும்.

அந்தக் கைகள் உயர்ந்தன.
வாய் திறந்தது.
கொள்ளு வறுக்கும் சட்டியில்போல
வல்லினங்கள் துள்ளின.
எழுதிக்காட்ட என்னிடம் எழுத்தில்லை.

அக்ரா நிறுத்தினார்.
நெய்யாற்றின்கரை நிறுத்தினார்.
வரிசைப்படி அடுத்து என் முறை.
கூடம் என்னைப் பார்த்தது.
பதினெட்டு வருஷம் குழித்துறை கோர்ட்டில்
ரப்பர் திருட்டு, அதிர்த்தித் தகராறு, விவாகரத்து,
எந்த வாயையும் இன்னொரு வாயாக்கியவன்.
ஸ்பீக்கரில் என் மூச்சு மட்டும் இரைந்தது.

"இவ அம்மை இசக்கிக்கு ஆடினவ" என்றது
பின்வரிசையில் ஒரு குரல்.
பாஸ்டரம்மா திரும்பிப் பார்த்தார்.
குரல் இருமலாக மாறியது.

கூட்டம் கலைந்து கட்டன்சாயா வருவதற்குள்
அது அக்ராக்காரரின் தாய்மொழியாம் என்று
மீன்சந்தை வரைக்கும் சேதி போயிருந்தது.
அவரிடமே கேட்டேன்.
"இல்லை, ஒரு சொல்லும் புரியவில்லை.
என் அத்தை மீன் உலர்த்துகிறவள்.
மூன்றாவது மூச்சில் அவளும் இப்படித்தான் உடைவாள்.
சாவோ பாவ்லோவில் ஆபீஸ் கூட்டுகிறவள் ஒருத்தி,
மணிலாவில் துணி துவைக்கிறவள்...
வேதாகமக் கல்லூரியில் இதைப் படிக்கவில்லை.
இவர்களிடம்தான் போய் உட்காருகிறேன்."
எண்ணூறில் ஐம்பதைத் திருப்பிக் கொடுத்தேன்,
வேலை செய்யாத ஏழு நிமிஷத்துக்கு.

ரோட்டுக்கு அந்தப்பக்கம்
வெள்ளைக்காரன் கட்டிய கல்கோயில்.
ஞானப்பாட்டும் ஆர்மோனியமுமாக இருந்த இடம்.
போன ஈஸ்டருக்கு டிரம் செட் வாங்கினார்கள்.
"கைதட்ட விடலேண்ணா பிள்ளியள்
அங்கோட்டு போயிரும்" என்கிறார் கோயில்பிள்ளை.
ரெண்டாம் ஆராதனையில் கண்மூடி
அவரும் ஒரு கையைத் தோள்வரை தூக்குகிறார்.
மறு கையில் காணிக்கைப் பை.

சுவர்ணபாயின் புருஷன்
விசுவாசத்தில் சர்க்கரை மாத்திரையை நிறுத்தினான்.
வலதுகால் முட்டோடு போயிற்று.
அதை எந்த மைக்கிலும் யாரும் சொல்லவில்லை.
என்னை மொழிபெயர்க்கவும் கூப்பிடவில்லை.
அவனைக் குளிப்பாட்டிவிட்டுத்தான்
அவள் வேலைக்குப் போகிறாள்.

திங்கட்கிழமை, அண்டியாபீஸ் வேன்.
ஜன்னலோரம் இருந்தாள்.
கேட்காமல் இருந்திருக்கலாம்.
"நேத்து என்ன சொன்னீங்க?"

"எனக்கு எங்க தெரியும் சாரே."
விரல்களைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.
"அந்நேரம் மட்டும் கையி எரியல்ல."