இரண்டாம் பக்கம், மூன்றாவது பாட்டு

நாலு டொலர். ஹமில்ரனில், ஜேம்ஸ் தெருவில்,
லூச்சியானோவின் கடையில், தரையில் வைத்த பெட்டியில்.
(தரைப்பெட்டிக்குக் குனிகிறவர்தான் ரசிகர் என்பான் அவன்.
என் முழங்கால் இதை ஒப்புக்கொள்வதில்லை.)
உறையின் மூலையில் நீல மையில் ஒரு பெயர்: டோரீன்.
பின்புறம் தேநீர்க் கோப்பை வைத்த வட்டம்.
டோரீன் நன்றாகக் கேட்டிருக்கிறாள்.

இரண்டாம் பக்கம், மூன்றாவது பாட்டில் ஒரு கீறல்.
பாடகி கதவு என்று சொல்லுமிடத்தில்
(அவள் தன் மொழியில்தான் சொல்கிறாள்,
எனக்கு இப்படிக் கேட்கிறது)
ஊசி சறுக்கி
கதவு கதவு கதவு கதவு
நான் எழும்பிப் போய் ஒரு விரலால் தள்ளினால்தான்
அவள் உள்ளே போவாள்.

பதினோரு வருடம்.
சோறு வடித்த கையோடு, சவர்க்கார நுரையோடு,
ஒருமுறை வேலையால் நிற்பாட்டிய கடிதத்தோடு
போய்த் தள்ளியிருக்கிறேன்.
"போனில் கிடக்கே, சுத்தமாய்" என்றார் சிவரூபன்.
கேட்டேன், பார்ட்டன் தெரு பஸ்ஸில்.
என் தரிப்பில் நில்லாத பஸ்போல
பாட்டு அந்த இடத்தைக் கடந்து போனது.

ஐப்பசியில் அவளே வந்தாள்.
தேவாலயத்து நிலவறை மண்டபம், முப்பத்தெட்டு டொலர்,
இரவு வேலையை பிலிப்பாவின் தலையில் கட்டிவிட்டுப் போனேன்.
எல்லோருக்கும் நரை.
எனக்கும்தான், என்னுடையது சாயத்துக்குள்.
எழுபத்தாறு வயது, கதிரையில் இருந்தே பாடினாள்.
ஒரு பாட்டின் நடுவில் வரி மறந்து,
தண்ணீர் குடித்து, சிரித்து,
"யாருக்காவது தெரியுமா?" என்றாள்.
நாற்பது பேருக்குத் தெரிந்திருந்தது.

மறதியோடு எனக்குப் பழக்கம் உண்டு.
ஸ்காபரோவில் எங்கள் ஆட்கள் போட்ட நாடகத்தில்
திரைக்குப் பின்னால் ரோச் லைட்டோடு
வசனம் எடுத்துக்கொடுத்தவள் நான்.
அரசன் குலவீரசிங்கம், பகலில் காப்புறுதி விற்பவர்.
மகன் செத்த செய்தி வரும் காட்சியில்
ஒவ்வொரு நாளும் அவருக்கு வசனம் போய்விடும்.
அந்த மௌனத்துக்குச் சனம் அழுதது.
கடைசி நாள் பாடமாக்கி வந்து பிழையில்லாமல் சொன்னார்.
யாரோ இருமினார்கள்.

பிறகு அந்தப் பாட்டு.
கதவு என்று அவள் சொன்னதும்
என் வலது கை தானாக எழும்பியது, இருட்டில்.
அவள் நிற்கவில்லை.
திறந்தாள், போனாள், உள்ளே இருந்ததைப் பாடினாள்,
நான் தள்ளாமலே.
எழும்பிய கை அந்தரத்தில்.
பக்கத்துக் கிழவி அதைப் பார்த்துவிட்டுக்
கைப்பையைத் துழாவி
ஒரு மின்ட் இனிப்பை அதில் வைத்தாள்.
டோரீனா என்று கேட்கவில்லை.
கேட்டிருந்தால் இல்லை என்றிருப்பாள்.

மற்றக் கிழமை லூச்சியானோ
மேசைக்கடியிலிருந்து எடுத்தான், அதே தட்டு.
கீறல் இல்லை, பெயர் இல்லை, பதினெட்டு டொலர்.
வாங்கினேன். அவன் மனம் நோகக்கூடாது.
நூலகம் கழித்துவிட்ட நாவலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்,
113இலிருந்து 128 வரை பக்கங்கள் இல்லாத நாவல்.
அந்தப் பதினாறு பக்கத்துக்குள்
யாரும் சாகாமல் பார்த்துக்கொள்பவள் நான்.

வெளியே இந்த வருடத்து முதல் பனி.
அடுப்பில் சோறு கொதிக்கிறது.
கதவு கதவு கதவு கதவு

ஓம், வாறன்.
பொறு.