காசாளர்

பரந்தன் வீதியில், புதுக்குடியிருப்புச் சந்திக்குக் கிட்ட
என் போட்டோக்கொப்பிக் கடை.
கரண்ட் போய் வந்த ஒரு முற்பகல்
மரியநேசன் கொண்டுவந்தார்
ஷொப்பிங் பைக்குள் இன்னொரு ஷொப்பிங் பை.
அதற்குள் காணி உறுதி, ஞானஸ்நானப் பத்திரம்,
நாலாய் மடித்த ஓர் அமெரிக்கத் தாள்.
மாமனார் கப்பற்காரர். யாரோ கடனுக்குக் கொடுத்ததாம்.

ஐந்து டொலர். இப்போதைய டொலரை விட அகலம்.
படம் பிடித்து அனுப்பினேன்.
ஒஹாயோவிலிருந்து ஒரு வியாபாரி
இரவோடிரவாகக் கேள்விகளாய் எழுதினான்:
எந்த ஊர் வங்கி? பட்டய எண் என்ன?
முத்திரை மண்ணிறமா, நீலமா?
காசாளர் ஒப்பமிட்டது பேனையாலா, ரப்பர் அச்சாலா?
ஊசித் துளை உண்டா?
தயவுசெய்து ஸ்திரி போட வேண்டாம்.

கைபேசியில் பெருப்பித்துப் பார்த்தோம்.
மண்ணிறம்.
வில்லோ பெண்ட், நெப்ராஸ்கா.
எண்ணில் கடைசி இரண்டு இலக்கம்
மடிப்பில் வெடித்துப் போயிருந்தது.
"அது மாத்தளனில், தங்கச்சி. பை பொத்தல்."

அந்த நாளில் சிற்றூர் வங்கிகளும்
தங்கள் பெயரோடு தாள் விட்டனவாம்.
பெருநகரத் தாள்கள் கட்டுக்கட்டாய்த் தப்பியதால் மலிவு.
வில்லோ பெண்டுக்கு இதுவரை பதிவானது மூன்றுதான்.
"அப்ப எங்கடையது நாலாவது" என்றார் உடனே.
மிச்சத்தை எண்ணிப் பழகின ஆக்கள் நாங்கள்.

எண்ணூறு என்று தொடங்கினான்.
தலைவரின் ஒப்பம் இருந்தது;
காசாளருடையதை
நந்திக்கடல் தண்ணி தின்றிருந்தது.
நானூறு என்று முடித்தான்.

பையைத் திரும்ப அடுக்கும்போது
வெளிர்பச்சைத் துண்டொன்று கழன்று விழுந்தது.
அடகுச் சீட்டு.
பதக்கச் சங்கிலி, இரண்டே முக்கால் பவுண்,
கிளிநொச்சிக் கிளை.
அந்த வங்கி இப்போது
எந்த நாட்டின் பட்டியலிலும் இல்லை.
"மனிசியின்ர. இதுக்கும் அவனிட்டக் கேளும் பிள்ளை,
பகிடிக்குத்தான்."

வாங்கிப் பார்த்தேன்.
தொடர் எண் முழுசாய்த் தெரிந்தது.
ஊசித் துளை ஒன்று.
காசாளர் என்று அச்சடித்த கோட்டுக்கு மேல்
நீல மை, கொஞ்சமும் கரையாமல்,
கடைசி எழுத்தில் தேவையில்லாத ஒரு சுழி.
இன்றைக்கும் கரண்ட் பில்லில்
அந்தச் சுழியைத்தான் போடுகிறேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை,
தாளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஸ்கானர் மூடியைச் சாத்தினேன்.
வெளிச்சம் ஒருதரம்
இடமிருந்து வலம் போய் நின்றது.

"பேனையாலதான் போட்டிருக்கு" என்றேன்.