எண்ணிக்கை

பழைய கண்டக்டர் வீட்டில்
மழை விட்ட ராத்திரிகளில்
தெற்குச் சன்னலைத் திறப்பது என் வேலை.
ஹப்புத்தளை சரிந்து, காடு சரிந்து,
தாழ்நாடு முழுக்க இருட்டாகக் கிடந்து
முடிகிற இடத்தில் கடல் இருக்கிறதாம்.
நான் கண்டதில்லை.
என் அப்பன் கண்டான்,
தோணியில் வாந்தியெடுத்துக்கொண்டே வந்தபோது.

அந்தக் கோட்டில் ஒரு கடுகு பொரியும்.
அடங்கும்.
மூச்சைப் பிடித்திருந்தால் மறுபடி பொரியும்.
‘அப்பா’ என்பான் கோர்மாக், எங்கள் பேச்சில்.
ஓனா விரல் மடக்கி எண்ணுவாள், அவர்கள் பேச்சில்.
அந்தக் கடுகுதான் நீங்கள், ஹெகர்ட்டி தொரை.

தொரை என்று நான்தான் சொல்கிறேன்.
டென்னிஸ் ஆடுகிற தொரைமாருக்கு நீங்கள்
கடல் பாறையில் விளக்குக்கு எண்ணெய் ஊற்றுகிற
அயர்லாந்துக்காரன், அவ்வளவுதான்.
உங்கள் சம்சாரத்துக்கு அவர்கள் வீட்டில் நாற்காலி இல்லை,
அவர்கள் கோயிலில் பெஞ்சும் இல்லை.
மாசத்துக்கு ஒருதரம் பண்டாரவளைக்கு ரயிலேறி
மாதாவிடம் முழங்கால் போட்டுவிட்டு வருவாள்.
காலியில் மூத்ததைக் காய்ச்சலுக்குக் கொடுத்தவள்.
மிச்ச இரண்டையும் குளிரில் வைத்தால் கெடாது என்று
யாரோ சொல்லியிருக்கிறார்கள், பாலைச் சொல்வது போல.

நான் இருந்த காலத்தில் ஒரே ஒரு தரம் வந்தீர்கள்.
பூட்ஸ் ஓரமெல்லாம் வெள்ளை உப்பு.
துடைக்கத் துடைக்கப் பூத்தது.
யாரும் பார்க்காதபோது விரலால் தொட்டு நக்கினேன்.
ஓ, இதுதானா கடல்.

கோர்மாக் கதவுக்குப் பின்னால் போய்விட்டான்.
‘இது அப்பா இல்ல. அப்பா சின்னது. அங்க இருக்கு.’
சன்னலைக் காட்டினான்.
நீங்கள் சிரித்தீர்கள்.
அப்புறம் வெளியே போய் விறகு பிளந்தீர்கள்,
இரண்டு மாசத்துக்குக் காணும்.

ராத்திரி ஒரு மணிக்கு, நாலு மணிக்கு
தூக்கத்திலேயே எழுந்து
இல்லாத படிக்கட்டைத் தேடின உங்கள் கால்கள்.
வலது கை எதையோ சுற்றியது, சுற்றியது,
பாரமான எதையோ.
அவள் வந்து தோளைப் பிடித்துத் திருப்பினாள்.
இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

கீழே எட்டாம் நம்பர் காம்பராவில்
என் மகள் செவனம்மா, ஆறு வயசு.
அண்ணன் பெண்டாட்டி கஞ்சி ஊற்றுகிறாள்.
சனிக்கிழமை மட்டுந்தான் எனக்கு லயம்.
மற்ற ராத்திரிகளில்
இந்தப் பிள்ளைகள் தூங்கினதும்
சமையல்கட்டுச் சன்னலில் விளக்கை வைத்து
முன்னால் கையை மறைத்து மறைத்து எடுப்பேன்.
லயத்து வாசலில் நின்று பார்த்துவிட்டுத்தான்
அவள் பாயில் விழுவாள்.

அன்றைக்கு நீங்கள் பின்னால் நின்றீர்கள்.
எண்ணெய்க் கணக்கு கேட்பீர்கள் என்று
கை அப்படியே நின்றது.
கூட இருக்கிற லஸ்கர்களிடம் பொறுக்கின தமிழில்
‘மாத்தி மாத்தி செய்யாதே’ என்றீர்கள்.
‘ஒரு வெளக்குக்கு ஒரு எண்ணிக்கை.
தப்பினா, வேற பாறைன்னு நெனைப்பான்.’
என் கையைத் தொடாமல் காற்றில் காட்டினீர்கள்:
இரண்டு குட்டை, நிறுத்தி, ஒரு நீளம்.
யாருக்கு என்று கேட்கவில்லை.

மூணாம் நாள் போய்விட்டீர்கள்.

ஐப்பசி முழுக்க மூடுபனி. கடுகு பொரியவில்லை.
உங்கள் சம்சாரம் சன்னலை மூட விடவில்லை.
சால்வையைப் போர்த்திக்கொண்டு
வெறும் வெள்ளையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.
எரிந்துகொண்டுதான் இருக்கும்மா என்றேன்.
என் பாஷை புரியாமல் தலையை ஆட்டினாள்.

தையில் வானம் கழுவி விட்டது.
அந்தச் சனிக்கிழமை கீழே இறங்கினேன்.
செவனம்மா சோற்றைப் பிசைந்தபடி, நிமிராமல்,
‘பொதன்கெழம ரெண்டுதான் மின்னிச்சு.
நீளத்த விட்டுட்ட.’

புதன்கிழமை கோர்மாக்குக்குக் காய்ச்சல்.
பாதியில் அழுதான், ஓடினேன்.
தோளில் போட்டுக்கொண்டு விடியும்வரை நடந்தேன்.

காத்துடி, என்றேன்.