மொக்கைச்சாமியின் இரண்டாம் ஆட்டம்

போஸ்டரில் பாதிப் பேரை ஆடு தின்றுவிட்டது.
மிச்சமிருந்தது "…யின் பழி".
யாருடைய பழி என்று தெரியாமலே
ஆளுக்கு முப்பது ரூபாய் கொடுத்து உள்ளே போனோம்.
உசிலம்பட்டி, பேரையூர் ரோடு,
மழை பெய்தால் மூன்றாம் வரிசைக்குக் குடை தேவைப்படும் கொட்டகை.
மொத்தம் பதினோரு தலை,
ஆபரேட்டரின் நாயைச் சேர்த்தால் பன்னிரண்டு.

படம் பார்க்க யார் வந்தது?
மொக்கைச்சாமியைக் கேட்க வந்திருந்தோம்.
குலசாமிக்கு நேர்ந்து வைத்த பேர்.
எந்த ஊரில் எந்த மொக்கைப் படம் ஓடினாலும்
"நம்ம பேருல ரிலீஸ் பண்ணிருக்காய்ங்க,
போகாட்டி மரியாதையா இருக்காது" என்று
வண்டியை எடுத்துவிடுவான்.
வண்டி என்றால் அமரர் ஊர்தி.
முன்னால் அவன், தவசி, ஜெயசீலன்.
பின்னால் கண்ணாடிப் பெட்டி, அதன் மேல் சாய்ந்துகொண்டு நான்.

நிலா வந்தது.
"அண்டா மூடிடா. பிடி தெரியுது பாரு."
புகை வந்தது.
"நகராட்சி கொசு மருந்து.
பேய் வருதோ இல்லையோ, கொசு வராது."
பங்களாக் கதவு தானாகத் திறந்தது,
விளிம்பில் நாலு விரல்.
"யாருப்பா அது? வெளிய வா,
உனக்கும் சேத்துத்தான டிக்கெட் எடுத்துருக்கு."

பிறகு அவள்.
வெள்ளைச் சேலை, ஓரத்தில் சலவைக் குறி,
இடது கையில் வாட்ச்.
"மணி என்ன தாயி?" என்றான்.
சத்தியமாக, அந்த நொடி அவள்
கையைத் திருப்பிப் பார்த்தாள்.
முறுக்குக் கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள் சிலம்பாயி.
நாய்கூட எழுந்து நின்றது.

கதாநாயகனின் அண்ணன் செத்துக் கிடந்தபோது மட்டும்
மொக்கைச்சாமிக்கு நிஜமாகவே கோபம் வந்தது.
வயிறு ஏறி இறங்கியது.
மூக்கில் உட்கார்ந்த ஈயை அண்ணன் ஊதிவிட்டான்.
"பன்னெண்டு வருசமா ஏத்தி இறக்குறேன்,
ஒருத்தன் இப்பிடிக் கால் மேல கால் போட்டுச் சாகலடா.
ஒரு போன் அடிச்சிருந்தா
ஓசியிலயே சொல்லிக் குடுத்துருப்பேனே."

இடைவேளைக்கப்புறம் அவள் கிணற்றிலிருந்து ஏறினாள்,
கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு,
படி படியாக, வழுக்குமோ என்று பார்த்துப் பார்த்து.
இதற்கு அவள் எவ்வளவு வாங்கியிருப்பாள்.
"பாத்து வா தாயி, பாசி கெடக்கும்" என்றான்,
அதில் கிண்டல் எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை.
கரண்ட் போனது.

ஜெனரேட்டரில் டீசல் இல்லை என்று மேலிருந்து சத்தம்.
"மொக்கை, மிச்சத்த நீயே ஓட்டுடா."
ஓட்டினான், இருட்டில், திரையே இல்லாமல்.
"மேல வந்துட்டா. ஈரக் காலு.
மொத வரிசைக்குப் போறா. அங்க ஒருத்தர் தூங்குறாரு,
குனிஞ்சு மூஞ்சியப் பாக்குறா. இவன் இல்ல.
ரெண்டாம் வரிசை. இவனும் இல்ல."
சிரித்தோம்.
"மூணாம் வரிசை."

அதோடு நின்றுவிட்டான்.
என் பிடரியில் ஒரு சொட்டு விழுந்தது.
குளிர்ந்த சொட்டு.
"மொக்கை?"
இன்னொன்று.
"டேய், மொக்கை?"
தவசியின் நகம் என் கையில் இறங்கியது.
முன்வரிசையில் தூங்கியவர்
தூக்கத்திலேயே யாருக்கோ "ம்" என்றார்.

விளக்கு வந்தபோது அவன் சீட் காலி.
திரையில் அவள் இன்னும் மூன்று படி ஏறவேண்டியிருந்தது.
வாசலிலிருந்து வந்தான், தலையைத் துடைத்துக்கொண்டே:
"மழைடா. வண்டிக் கண்ணாடிய ஏத்தாம வந்துட்டேன்."

திரும்பும்போது பின்னால் ஏற ஆள் இல்லை.
முன்னால் நான்கு பேர்,
கியர்க் கம்பி என் முழங்காலுக்கும் ஜெயசீலன் தொடைக்கும் நடுவில்.
கருமாத்தூர் வரை வைப்பர் மட்டும் பேசியது.
பிறகு அவன் மேல்கண்ணாடியைச் சற்றுத் திருப்பி,
காலியாகத்தான் இருந்த பின்பக்கத்தைப் பார்த்து,
"என்ன தாயி, குளிருதா?" என்றான்.

"ரோட்டப் பாத்து ஓட்டுடா" என்றான் தவசி.
ஓட்டினான்.
செக்கானூரணி விளக்குகள் தெரிகிறவரை
மூன்றாவது கியரிலேயே.