குச்சிக் கணக்கு

பலகையில் ஒரு மீட்டர் இருக்கிறது, பொய் சொல்வதற்கென்றே.
படகு இடப்பக்கம் சாய்ந்தால் தொட்டி நிறைந்திருக்கும்,
வலப்பக்கம் சாய்ந்தால் நாங்கள் செத்துக்கொண்டிருப்போம்.
அதனால் குச்சி.

மூடியைத் திருகி, மூங்கில் குச்சியை
அடி தட்டும்வரை இறக்குவேன்.
சான் கிறிஸ்டோபல் துறையில் பத்துப் பத்து லிட்டராக ஊற்றி
ஒவ்வொரு தடவையும் கூல்வென் கத்தியால் கீறிய கோடுகள்.
தொட்டி கீழே குறுகுகிறது,
அடிக்கோடுகள் விலகி விலகி நிற்கும்.
தீரத் தீர, தீர்வது வேகமாகத் தெரியும்.

இரண்டு பேர். நாளைக்கு ஏழு லிட்டர்.
அரிசிக்கு முக்கால் பங்கு நல்ல தண்ணீர், கால் பங்கு கடல்;
உப்புப் போட வேண்டியதில்லை.
பாத்திரம் முழுக்கக் கடலில்.
கால் பம்பின் மிதிகளை அவன் பிரெத்தோனில் எண்ணுவான்,
நான் பிரெஞ்சில்.
ராத்திரி நோட்டில் கூட்டும்போது
இரண்டு மொழியும் சேர்ந்து ஏழு வரவேண்டும்.

பன்னிரண்டாம் நாள், காற்று தளர்ந்த விடியல்,
படகு நேராக நின்ற அரை நிமிடம்.
நோட்டில் நூற்றுத் தொண்ணூற்றாறு.
குச்சியில் நூற்றைம்பது.
துடைத்துவிட்டு மறுபடி இறக்கினேன்.
நூற்றைம்பது.

ஃபாட்டு ஹிவாவுக்கு இன்னும் பதினெட்டு நாள்.
அவன் ஒன்றும் கேட்கவில்லை. நானும்.
ஆனால் அவன் காப்பிக் குவளை எதுவரை நிறைந்திருக்கிறது
என்று பார்த்தேன்.
அவன் என் தலைமுடியைப் பார்த்தான்.

முப்பத்தாறடிப் படகில்
சந்தேகத்துக்குத் தனி அறை கிடையாது.
படுக்கை ஒன்றுதான், காவல் மாற்றி மாற்றி:
அவன் எழுந்துபோன சூட்டில் நான் படுப்பேன்.
அன்று அந்தச் சூட்டில் படுத்துக்கொண்டே
பம்ப் மிதிபடுகிறதா என்று காது கொடுத்தேன்.

சாயங்காலம் தரைப்பலகையைத் தூக்கினேன்.
அடிப்பள்ளத்தில், டார்ச் வெளிச்சத்தில்,
தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது.
இனி நாக்குதான் கருவி.
கரித்தால் கடல்: குடிக்கத் தண்ணீர் இருக்கும், படகு இருக்காது.
கரிக்காவிட்டால் எங்களுடையது:
படகு இருக்கும்.
எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல்
விரலை நனைத்து வாயில் வைத்தேன்.

டீசல். சோப்பு. அழுகிய வெங்காயத் தோல்.
அதற்கெல்லாம் அடியில், கரிக்காமல்,
துறைக் குழாயின் குளோரின் வாடை மாறாமல்,
நல்ல தண்ணீர்.

சிரித்துவிட்டேன்.
கூல்வென் இறங்கி வந்து அவனும் நக்கிப் பார்த்தான்.
"நம்முடையதுதான்" என்றான்,
காணாமல்போன ஆட்டின் காதுக்குறியைப் பார்த்தவன்போல.

தொட்டியின் அடியில் குழாயைக் கவ்வியிருந்த வளையம்
துருப்பிடித்து வாய் பிளந்திருந்தது.
மணிக்கு ஒரு டம்ளர்.
பள்ளத்தில் சேரச்சேர, தானியங்கிப் பம்ப்
அலைச் சத்தத்தோடு சத்தமாக
அதைக் கடலில் கொட்டியிருக்கிறது,
பன்னிரண்டு நாளும் கடமை தவறாமல்.

புது வளையம் போட்டு முறுக்கினோம்.
நாளைக்கு ஆறு லிட்டர் என்று முடிவு செய்தோம்.
அவன் தூங்கப் போனான்.

என் காவல். சிவப்பு விளக்கில் நோட்டைத் திறந்தேன்.
ஐந்தாம் நாள்: ஏழு. என் கையெழுத்து.
அந்த ராத்திரி உப்பு காய்ந்து தலை அரித்தது,
தூக்கமில்லை, நிலா வேறு.
பம்பைக் கையால் மெதுவாக அழுத்தி அழுத்தி
ஒன்றரை லிட்டர் எடுத்தேன்.
எண்ணவில்லை, எந்த மொழியிலும்.
ஏழை அடித்துவிட்டு எட்டரை என்று எழுதினேன்.
ஓட்டை வளையத்தின் பேரில்
நாற்பத்துநாலரை லிட்டர்தான்.

விடிந்ததும் அவன் நோட்டைப் பார்த்திருக்க வேண்டும்.
காப்பியைக் கையில் கொடுத்தவன்
குனிந்து என் தலையை முகர்ந்தான்.
"வீண்" என்றான்.

தெற்கே ஒரு மைலில் மழை பெய்துகொண்டே போனது.
வாளிகளோடு நின்று, அது கண்மறைகிறவரை பார்த்தோம்.
பிறகு குச்சியை இறக்கினேன்.
ஈரம் இரண்டு கோடுகளுக்கு நடுவில் எங்கோ நின்றது.
நூற்று நாற்பத்துநாலு என்று வைத்துக்கொண்டோம்.