கல்வரம்பில் ஒரு வெட்டு

ஹால்ஷ்கா,
உங்கள் வரைபடத்தில் தண்ணீர் ஒரு நீல அம்புக்குறி.
சாலையிலிருந்து கிளம்பி
கல்வரம்பில் நீங்கள் விட்ட ஓரடி வெட்டில் திரும்பி
கோரைக்குள் இறங்கி
முனகாமல் மண்ணுக்குள் போய்விடுகிறது.

இங்கே, க்தான்ஸ்கின் மேட்டுத் தெருவில்,
அது பழுப்பு.
கூரை கழுவியது, டயர் தேய்த்தது,
சிகரெட் துண்டு, பல் வைத்தியரின் ரசீது,
மேப்பிள் இலை, மேப்பிள் இலை, மேப்பிள் இலை.
அக்டோபரில் ஐந்து இலை போதும்:
ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு
உங்கள் வெட்டைச் சாத்திவிடும்.
பிறகு மழை நேராகப் போகும்,
கீழ்த்தெருவின் நிலவறைகளுக்கு.

செவ்வாயும் வெள்ளியும் மண்டியிட்டு
அந்த ஐந்து இலைகளை எடுப்பதுதான்
என் உத்தியோகம்.
பதிவேட்டில் இதற்குக் கட்டம் இல்லை.
‘இதர’ என்று எழுதுகிறேன்.

முதல் வருடம் புல்வெட்டும் குழுவிடம்
யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.
மஞ்சள் ஐரிஸ் பூக்க ஒரு வாரம் இருந்தது.
தரையோடு மழித்துவிட்டு
ஸெனோன் எனக்குப் படம் அனுப்பினான்:
‘பளிச்சென்று ஆச்சு.’
அவனைத் திட்டவில்லை.
புல் என்றால் வெட்டு என்றுதான்
இருபது வருடமாகச் சம்பளம் வாங்குகிறான்.
வேர்கள் அவனைவிடப் பொறுமைசாலிகள்.
ஆகஸ்டில் கோரை மட்டும் திரும்பி வந்தது,
மொட்டை போட்ட தலையில் முளைக்கும் முடிபோலக்
கூச்சத்தோடு.

பதினேழாம் எண் வீட்டு தோப்ரோகோஸ்த் சங்கதி வேறு.
தன் கார் நின்ற இடத்தில்
நாணல் நிற்கிறது என்பது அவர் வழக்கு.
சனிக்கிழமைதோறும் வெட்டின் வாயில்
ஒரு செங்கல் வைப்பார்.
செவ்வாய்க்கிழமைதோறும் நான் எடுப்பேன்.
பேசிக்கொண்டதில்லை.
பதினொரு வாரம்.
பதினொரு செங்கல்.

வெட்டிலிருந்து குதிக்கும் நீர்
மண்ணைக் குடைந்து குழி போட்டிருந்தது;
அங்கே கல் பதிக்கச் சொல்லியிருந்தீர்கள்,
ஒப்பந்தக்காரர் பதித்தது உங்கள் தாளில் மட்டும்.
அவருடைய செங்கற்களைத்தான்
வாயடியில் பரப்பினேன், மேடுபள்ளமாக,
விழும் தண்ணீர் தடுமாறி
வேகத்தை மறக்கும்படி.

ஜூலையில் ஓர் இரவு
வானம் ஒரேயடியாகக் கவிழ்ந்தது.
மஞ்சள் மழைக்கோட்டில் வந்து பார்த்தேன்.
வாய்க்கால் நிரம்பி, தடுப்பு மேட்டைத் தாண்டி,
அடுத்த பள்ளத்தில் இறங்கி நின்று யோசித்தது.
கோரை முழுவதும் ஒரு பக்கமாகப் படுத்து
நீருக்கு வழிவிட்டது; விட்டுக்கொண்டே பிடித்தது.
குடை இல்லாமல், வீட்டுச் செருப்போடு
தோப்ரோகோஸ்த் வந்து நின்றார்.
டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தார்.
‘பதினொன்றும் இருக்கிறது’ என்றார்.
வேறொன்றும் சொல்லாமல் உள்ளே போனார்.
அந்தச் சனிக்கிழமை செங்கல் வரவில்லை.
அதற்கடுத்த சனிக்கிழமை வந்தது.

உங்கள் படிவத்தில் கேட்டிருக்கிறீர்கள்:
நீர் வடிய எத்தனை மணி நேரம்?
இருபத்து நான்கு என்று எழுதினால்
உங்களுக்குப் பிடிக்கும், தெரியும்.
முப்பத்தொன்று.
வாயருகே வண்டல் மூன்று விரற்கடை;
வழித்து எடுத்தால் குறையலாம்.
மூன்றாம் பள்ளத்தில் மட்டும் பதினோரு நிமிடம்:
அங்கே ஓர் அகழெலி குடியிருக்கிறது.
அதன் சுரங்கம் தண்ணீரை மடக்கென்று குடிக்கிறது,
வடிகட்டாமல், எண்ணெயும் கறுப்புமாக.
உங்கள் விதிப்படி அது குற்றம்.
அடைக்கவா, விடவா?

பதில் வரும்வரை ஒரு குச்சி நட்டு
அடையாளம் வைத்திருக்கிறேன்.
அப்புறம், குட்டைப் பிடி போட்ட மண்வாரி ஒன்று.
போன வருடமும் கேட்டேன்.
மேப்பிள்கள் மஞ்சளாகத் தொடங்கிவிட்டன.

ப்ரோன்யா,
இதர.