ஆறாம் எண் மைக்

அரங்கின் பின்புறம், குப்பைத் தொட்டிகளை ஒட்டி
நிறுத்தியிருக்கிறோம் ஒளிபரப்பு வண்டியை.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
உள்ளே, முழங்கால் வரைக்கும் மட்டும் எட்டுகிற
ஒரு ஹீட்டர்.

எட்டு ஆட்டக்காரர்கள். எட்டு மைக். என் விரலடியில் எட்டுக் குமிழ்.
அணிக்கு இரண்டு பெண், இரண்டு ஆண்.
கலப்பு அணிக் கர்லிங், இறுதி ஆட்டம்:
டாஃபினும் ஸ்விஃப்ட் கரன்ட்டும்.
இரண்டும் கோதுமை லாரிகள் நின்று போகிற ஊர்கள்.

நாடு கல்லைப் பார்க்கிறது. நான் பார்ப்பதில்லை;
என் திரை கைக்குட்டை அகலம்.
தொண்டையாகவும் மூச்சாகவும்தான்
எனக்கு அவர்களைப் பழக்கம்.
இரண்டாம் எண் லோவெல் வீப்,
முடிவெடுக்கும் முன் ஒருமுறை எச்சில் விழுங்குவார்.
ஏழாம் எண் டார்லா கத்தினால்
மீட்டர் முள் சிவப்புக்குப் போகும், தயாராக இருக்க வேண்டும்.
எட்டாம் எண் ஆர்வித்துக்கு மூன்று நாளாகச் சளி.
ஆறாம் எண், ஒரீசியா ஹாலிசுக், பேசவே மாட்டாள்.
அவள் மைக்கில் வருவதெல்லாம் துடைப்பம்:
பனியின் மேல், அவசரமாக யாரோ
பாத்திரம் தேய்ப்பதுபோல.
அவளை வழக்கமாகத் தாழ்த்தியே வைத்திருப்பேன்.

எட்டாம் சுற்று. ஐந்துக்கு ஐந்து.
கடைசிக் கல் டாஃபினுடையது.
ஆர்வித் மூக்கை உறிஞ்சினான்,
விட்டான்.
பத்தொன்பது கிலோ கருங்கல்
ஹெட்ஃபோனுக்குள் இடமிருந்து வலமாக
உறுமிக்கொண்டு போனது.
"தேய்! தேய்! நிறுத்தாதே!" டார்லா. சிவப்பு.
இரண்டு துடைப்பங்கள். இரண்டு பேரின் இளைப்பு.
அப்புறம் ஆறாம் எண்ணில்
ஒரு டிக்.

நகவெட்டியிலிருந்து நகம் தெறிக்கிற அளவு.
அவ்வளவுதான்.

கல் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மெதுவாகி, வளைந்து,
காத்திருந்த ஸ்விஃப்ட் கரன்ட் கல்லை உரசாமல் கடந்து
நடுப்புள்ளியில் உட்கார்ந்தது.
கூட்டம் எழுந்தது. இயக்குநர் காதில் கத்தினார்:
கூட்டத்தை ஏற்று, ஆட்டக்காரர்களை இறக்கு!
ஏற்றினேன்.
ஏழு குமிழ்களை இறக்கினேன்.
ஆறில் விரல் நின்றுவிட்டது.

அதில் துடைப்பம் இல்லை. மூச்சும் இல்லை.
அந்த மைக்கில் முதல்முறையாக
ஒன்றுமே இல்லை.
கடிகாரத்தில் பச்சை எண்கள் ஓடின.
இந்த நாட்டில் அது தெரிந்தவர்கள் இரண்டு பேர்,
அதில் ஒருத்திக்கு நான் இருப்பது தெரியாது.
நான் வாயைத் திறக்கவில்லை. என் வேலை அதுவல்ல என்று
சொல்லிக்கொள்ளலாம்.
உண்மையில், அவளும் சொல்லிவிடக் கூடாதே என்று
ஆசைப்பட்டேன்.
டாஃபினில் பிறந்தவன் நான்.

"தொட்டுட்டேன்" என்றாள்.
பிறகு, யாருக்கும் கேட்கவில்லையோ என்று
கையைத் தூக்கி:
"கல்லுல பட்டுது. என் துடைப்பம்."

லோவெல் எச்சில் விழுங்கினார்.
பூட்ஸ் நுனியால் கல்லை ஓரமாகத் தள்ளினார்,
எல்லோரும் தூங்குகிற வீட்டில்
கதவைச் சாத்துவதுபோல.
ஆறு, ஐந்து. கைகுலுக்கல்கள். ஆர்வித்தின் தும்மல்.
மூன்று கேமராவிலும் ஓட்டி ஓட்டிப் பார்த்தார்கள்;
ஒன்றிலும் அது இல்லை.
வர்ணனையாளர் பெரிய பெரிய சொற்களாக எடுத்துப் போட்டார்.
டார்லா மட்டும், கழற்ற மறந்த மைக்கில்,
"எனக்கு ஒரு பீர் வாங்கித் தரணும் நீ" என்றாள்.
கொஞ்சம் கழித்து, "ரெண்டு."

பதினொரு மணிக்குக் கேபிள் சுருட்டிக்கொண்டிருந்தேன்.
வண்டிகள் நிற்கிற இடத்தில் அவளும்
தன் பிக்கப்பின் எஞ்சின் ஹீட்டர் வயரைப்
பிடுங்கிச் சுருட்டிக்கொண்டிருந்தாள். குளிரில் விறைத்த வயர்
குச்சிபோல் நீட்டிக்கொண்டு மடங்க மறுத்தது.

என் கழுத்தில் தொங்கிய ஹெட்ஃபோனைப் பார்த்தாள்.
"உங்களுக்குக் கேட்டுதா?"
"ம்."
"எவ்வளவு நேரம்?"
எதைக் கேட்கிறாள் என்று புரிந்தது.
"பதினோரு செகண்ட்."

"இன்னும் அதிகம்னு நினைச்சேன்" என்றாள்,
வயரை முழங்காலில் வைத்து மடக்கியபடி.
அவள் வண்டி
மூன்றாம் முறைதான் கிளம்பியது.